வளவுக்குள் ஒரு நெருப்புக் கிடங்கு
மட்டக்களப்பு வாவிக்கரையில் தீயும் மண்ணும் காற்றும்

வீட்டுக்குப் பின்னால் வட்டமாக ஒரு கிடங்கு வெட்டி, சுற்றிக் கல் அடுக்கி, மாலையில் நெருப்பு மூட்டி, சுற்றியிருந்து கதைத்துச் சாப்பிடும் வழக்கம் அண்மைக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்திருக்கிறது. பாசிக்குடாவிலும் கல்லடியிலும் விருந்தினர் விடுதிகளின் முற்றங்களில் அதைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்காக வீட்டு வளவிலும் சிலர் அமைக்கிறார்கள். மீன் சுடவும் இறைச்சி வாட்டவும் அது நல்ல இடம். கேள்வி என்னவென்றால், இந்த மண்ணில், இந்தக் காற்றில், இவ்வளவு நெருங்கிய குடியிருப்புகளுக்கு நடுவே அதை எங்கே வெட்டுவது, எதனால் கட்டுவது, எதை எரிப்பது, எப்படி அணைப்பது என்பதே.

இதற்கு விடை தேட வெளிநாட்டுக் கைநூல்களைப் புரட்டும் முன் நம் ஊரைப் பார்க்க வேண்டும். நெருப்புக்குக் கிடங்கு வெட்டுவது இங்கே புதிதல்ல. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் பல தலைமுறைகளாக அதைச் செய்து வந்திருக்கிறோம். அந்தக் கிடங்குகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு காலம், ஒரு விறகு, ஒரு முடிவு இருந்தன. அந்த ஒழுங்கை விட்டுவிட்டுக் கிடங்கை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து என்பது இக்கட்டுரையின் கருத்து.

பழைய கிடங்குகள்

முதலில் சமையற் கிடங்கு. கலியாண வீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் கந்தூரிக்கும் பெருஞ்சமையல் செய்யும்போது வளவில் நீளக் கிடங்கு வெட்டி, அதன்மேல் கிடாரங்களை வரிசையாக ஏற்றுவார்கள். நெருப்பு நில மட்டத்துக்குக் கீழே இருப்பதால் காற்று சுவாலையை அலைக்கழிப்பதில்லை. சூடு பக்கவாட்டில் சிதறாமல் பாத்திரத்தின் அடியில் ஏறுகிறது. விறகு மிச்சமாகிறது. பொறி பறப்பதும் குறைகிறது. நெல் அவிக்கும் அடுப்பும் இதே முறைதான். வீட்டு நெல்லை வீட்டிலேயே அவித்துக் காயவைத்த காலத்தில் அறுவடைக்குப் பின் பல வளவுகளில் இந்த அடுப்பு எரிந்தது.

இரண்டாவது, மூட்டம். படுவான்கரையின் மாட்டுப்பட்டிகளில் மாலையானதும் காய்ந்த சாணமும் சருகும் போட்டு, மேலே பச்சை இலையை வைத்துப் புகை எழுப்புவார்கள். மாடுகளை நுளம்பும் ஈயும் அண்டாமல் இருக்க அது. இங்கே தேவைப்பட்டது சுவாலையல்ல, புகை. வயற்காவலில் யானைக்காக மூட்டும் தீயில் தேவைப்பட்டது வெளிச்சம். சமையலில் தேவைப்பட்டது தணல். எது வேண்டும் என்று தெரிந்த பிறகே நெருப்பு மூட்டினார்கள் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

மூன்றாவது, கரிக் கிடங்கு. தேங்காய்ச் சிரட்டையைக் கிடங்கில் போட்டுக் கீழிருந்து பற்றவைத்து, தீ பரவப் பரவ மேலே சிரட்டையைச் சேர்த்து, கடைசியில் தகரத்தாலும் மண்ணாலும் மூடிக் காற்றை அடைத்துவிடுவார்கள். காற்றில்லாத சூட்டில் சிரட்டை சாம்பலாகாமல் கரியாகிறது. ஒரு தொன் கரிக்கு ஏறத்தாழ 20,000 முழுச் சிரட்டைகள் வேண்டும். இந்தக் கிடங்கு நமக்குத் தரும் பாடம் ஒன்று உண்டு. மண்ணால் மூடிய நெருப்பு உடனே சாவதில்லை. அது உள்ளே நெடுநேரம் உயிரோடு இருக்கிறது. இதற்குப் பின்னர் திரும்ப வருவோம்.

நான்காவது, சுண்ணாம்புச் சூளை. கல்குடாக் கரையோரத்தில் கடலிலிருந்து எடுத்த முருகைக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். முருகைக் கல்லும் சிப்பியும் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் நீறாகும். கரையைக் காத்து நின்ற பவளப் பாறைகள் இதனால் அழிந்தன. இலங்கையின் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்திய திருத்தமும் முருகைக் கல் அகழ்வைத் தடுத்தன. ஒரு கிடங்கின் நெருப்பு ஒரு கரையையே தின்ன முடியும் என்பதற்கு அது சாட்சி.

தீப்பள்ளயம்

இந்தப் பகுதியில் நெருப்புக் கிடங்கு வெட்டும் அறிவு முழுமையாகத் தெரியும் இடம் திரௌபதை அம்மன் கோயில். வாவியின் தென் முனைக்கு அப்பால் கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலும், படுவான்கரையின் பழுகாமத்திலும் உள்ள திரௌபதை அம்மன் கோயில்கள் இதற்குப் பெயர்பெற்றவை. பாண்டிருப்புத் திருவிழாவையே மக்கள் தீப்பள்ளயம் என்றுதான் சொல்கிறார்கள். பாரதப் போரின் கணக்கில் 18 நாட்கள் அது நடக்கும். கலியாணக்கால் நடுதல், வனவாசம், அருச்சுனன் தவநிலை என்று பாரதக் கதை ஊர் வீதிகளிலேயே நடந்து, இறுதியில் தீமிதிப்புக்கு வந்து சேர்கிறது.

அதன் காலத்தைக் கவனிக்க வேண்டும். பாண்டிருப்பில் இது புரட்டாசியில் வருகிறது. அப்போது கச்சான் என்ற தென்மேற்குக் காற்றின் வேகம் தணிந்திருக்கும். வடகிழக்கு வாடைமழை இன்னும் தொடங்கியிருக்காது. விறகு காய்ந்திருக்கும், மண் காய்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். சடங்கின் நாளை இதற்காகவே குறித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறந்த வெளியில் பெருந்தீ வளர்க்க ஆண்டில் இதைவிடப் பொருத்தமான வாரங்கள் இந்தக் கரையில் அரிது.

அடுத்தது, தீக்குழியில் பக்தர் இறங்கும் வேளையில் அங்கே சுவாலை இல்லை. விறகு முழுதும் எரிந்து தணலாகி, அந்தத் தணல் தட்டிப் பரப்பப்பட்டிருக்கும். கரி எடை குறைந்த பொருள். சூட்டை மெதுவாகவே கடத்தும். அதன்மேல் படியும் மெல்லிய சாம்பலும் ஒரு காப்பு. விரைந்து நடப்பவரின் கால் ஒவ்வோர் அடியிலும் தணலைத் தொடும் நேரம் மிகக் குறைவு. 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் குதா பக்ஸ் என்ற காஷ்மீரியர் ஆய்வாளர் முன்னிலையில் தணலில் நடந்து காட்டியபோது இந்த விளக்கமே முன்வந்தது. இதைச் சொல்வது நேர்த்தியையும் நோன்பையும் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. தீயின் குணத்தை ஊர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தது என்பதைக் காட்டுவதற்காக. நோன்பு இருந்தவரே இறங்கலாம், குழியைச் சுற்றிக் காவல் இருக்கும், கண்டவர் கண்டபடி விறகு போட முடியாது. கட்டுப்பாடில்லாத தீக்கு அங்கே இடமே இல்லை.

கடைசியாக, தீமிதிப்போடு விழா முடிந்துவிடுவதில்லை. பாற்பள்ளயம் என்ற நிறைவு உண்டு. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் வீதியிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதியிலும் தணலைக் கடந்தவர் பால் நிறைந்த குழியில் கால் நனைக்கிறார். சூட்டுக்குப் பின் குளிர்ச்சி என்பது இந்த மரபின் இலக்கணம்.

மண்ணும் நீரும்

இனி வீட்டு வளவுக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் எழுவான்கரை ஒடுங்கிய மணற்பட்டி. மேற்கே படுவான்கரை வயலும் களியும் கலந்த நிலம். ஒரே மாதிரிக் கிடங்கு இரண்டு கரைக்கும் பொருந்தாது.

எழுவான்கரை மணலில் வெட்டிய கிடங்கின் விளிம்பு நிற்காது, சரிந்துவிடும். அதனால் உள்ளே செங்கல் சுற்று அவசியம். இங்கே நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. மார்கழி மழையில் கிணற்று நீர் மேலேறி வருவதை இவ்வூரார் எல்லோரும் கண்டிருப்பார்கள். கிணற்று நீரைக் குடிக்கும் வளவில் சாம்பலும் எரிந்த பொருட்களின் கழிவும் மணல்வழி இறங்குவது நல்லதல்ல. ஆகவே இந்தக் கரையில் ஒரு முழத்துக்கு மேல் தோண்டத் தேவையில்லை. அரை முழம் தோண்டி, அரை முழம் மேலே சுற்றுக் கட்டுவது சிறந்தது. கிணற்றிலிருந்து எட்டத் தள்ளியே இடம் தெரிவு செய்ய வேண்டும்.

படுவான்கரைக் களியில் சுவர் நன்றாக நிற்கும். ஆனால் தண்ணீர் வற்றாது. ஐப்பசி முதல் தை வரை அந்தக் கிடங்கு ஒரு சிறு குளம். தேங்கிய தெளிந்த நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். அடியில் சரளைக்கல் பரப்பி, மழைக்காலத்தில் தகரத்தால் மூடி வைக்காதவர் அந்தக் கிடங்கை வெட்டாமல் இருப்பதே அயலாருக்குச் செய்யும் நன்மை.

மரங்களையும் பார்க்க வேண்டும். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தடியிலிருந்து 2 மீற்றர் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குள் நெருப்பு வைத்தால் மரம் வாடும். பனையில் தொங்கும் காய்ந்த ஓலை பற்ற ஒரு பொறி போதும். தலைக்கு மேலே திறந்த வானம் இல்லாத இடத்தில் கிடங்கு வேண்டாம்.

இன்னொன்றை எங்கள் ஊரில் மட்டுமல்ல, போர் நடந்த எந்த மண்ணிலும் சொல்லியே ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அது பெரும் ஆறுதல். ஆனாலும் முகாம் இருந்த இடங்களிலும் நெடுங்காலம் கைவிட்டுக் கிடந்த வளவுகளிலும் வெடிக்காத பொருள் ஒன்று மண்ணுக்குள் தனித்துக் கிடக்கக்கூடும். மேலே நெருப்பு எரிந்தால் கீழுள்ள மண்ணும் சூடேறும். புதிதாக வாங்கிய வளவில் முதலில் அயலாரிடம் விசாரிக்காமல் தோண்டவோ தீ மூட்டவோ கூடாது. துருப்பிடித்த அறியாத இரும்பு எது தென்பட்டாலும் தொடாமல், பிள்ளைகளை அகற்றி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

காற்றின் வழி

வைகாசியில் தொடங்கி ஆவணி வரை அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கீழிறங்கும்போது அது ஈரம் இழந்து சூடேறிய காற்றாகிறது. அந்த மாதங்களில் கிடுகு வேலி, ஓலைக் கூரை, காய்ந்த புல் யாவும் தீக்குச்சிக்குக் காத்திருப்பவை போலத்தான். மழைக்காலத்து வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது.

இதை ஒரு கடதாசியில் வரைந்து பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். இரு பருவக் காற்றும் தென்மேற்கு வடகிழக்கு என்ற ஒரே கோட்டில் ஓடுகின்றன. வீட்டுக்குத் தென்மேற்கில் கிடங்கு வெட்டினால் கச்சான் புகையையும் பொறியையும் நேரே கூரைக்குக் கொண்டுவரும். வடகிழக்கில் வெட்டினால் வாடை கொண்டுவரும். எஞ்சுவது வடமேற்கும் தென்கிழக்கும். தென்கிழக்கு அக்கினி மூலை என்பது வழக்கு. ஆனால் கடற்காற்று வீசும் மாலைகளில் அங்கிருந்து எழும் புகை வீட்டுப் பக்கம் சாயும். எனவே எழுவான்கரை வளவுக்கு வடமேற்குப் பக்கமே எல்லாப் பருவத்துக்கும் பொருந்துகிறது. அந்தப் பக்கத்தில் அயலாரின் வீடு ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நம் கூரையைக் காப்பாற்றி அடுத்த வீட்டுக் கூரையைக் கொளுத்துவது தீர்வாகாது.

வீடு, வேலி, விறகுக் குவியல், மின்கம்பி இவை எல்லாவற்றிலிருந்தும் 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கிடங்கின் வாய் மூன்று முதல் நான்கு அடி விட்டம் போதும். சுற்றி ஆறு அடிக்குப் புல்லும் சருகும் இல்லாத வெறும் மணல் இருக்க வேண்டும். இந்த அளவு இடம் இல்லாத வளவுகள் வாவிக்கரையில் ஏராளம். காத்தான்குடி நாட்டிலேயே மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்களில் ஒன்று. அங்கேயும் மட்டக்களப்பு நகரின் ஒடுங்கிய காணிகளிலும் நெருப்புக் கிடங்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. மீன் சுட ஒரு சிறு இரும்பு அடுப்பும் சிரட்டைக் கரியும் போதுமானவை.

கல்லும் விறகும்

சுற்றுக் கட்ட நன்றாகச் சுட்ட செங்கல்லே உகந்தது. சீமெந்துக் கல் கடுஞ்சூட்டில் வெடித்துச் சிதறலாம். ஆற்றுக் கல்லிலும் கடற்கரைக் கல்லிலும் உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். அது நீராவியாகும்போது கல் வெடிக்கும். முருகைக் கல்லைச் சட்டமும் தடுக்கிறது, நெருப்பும் ஏற்பதில்லை. அடிக்கடி கடுஞ்சூடு பட்டால் அது நீறத் தொடங்கும், பிறகு மழை பட்டதும் கொதிக்கும். பூச்சுக்குச் சீமெந்தைவிடப் புற்றுமண்ணும் களியும் குழைத்தது நல்லது. நம் அடுப்புகளை அப்படித்தான் மெழுகினார்கள். கீழ் வரிசையில் இரண்டு மூன்று இடங்களில் இடைவெளி விட்டால் காற்று உள்ளே போய் விறகு புகையாமல் எரியும்.

விறகில்தான் பலர் தவறுகிறார்கள். தென்னம் மட்டை, பாளை, பொச்சு, சிரட்டை, பனை ஊமல், வேலிக்கு வெட்டிக் காய்ந்த கிளை, இவை வளவே தரும் விறகு. ஓர் ஆண்டு காய்ந்த கட்டை புகை குறைவாகத் தரும். பொச்சு விரைவில் பற்றும், ஆனால் பொறி விடும். எனவே மூட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

வாவியோரத்தில் நிற்கும் தில்லை மரத்தைத் தொடக்கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். எரித்தால் வரும் புகையும் கண்ணையும் மூச்சையும் அரிக்கும். வேலியில் பூத்து நிற்கும் அலரியும் அப்படியே நஞ்சு. அதன் கம்பில் இறைச்சி கோத்து வாட்டுவது உயிரோடு விளையாடுவது. கண்டற் காடுகள் மீனுக்கும் இறாலுக்கும் தொட்டில். 2015ஆம் ஆண்டு நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மாலைப் பொழுதின் மகிழ்ச்சிக்கு ஒரு கண்டல் மரம் விலையாகக் கூடாது. கரையொதுங்கிய கட்டைகளில் உப்பு ஊறியிருக்கும். அவையும் பூச்சு அடித்த பழைய கதவு நிலைகளும் எரியும்போது நச்சுப் புகை தரும்.

புகையும் சட்டமும்

கிடங்கு இருந்தால் அதில் குப்பை விழும். இதுவே வீட்டு நெருப்புக் கிடங்கின் பெரிய கேடு. பொலித்தீன் பையும் மாப்பையும் பால்மா உறையும் ‘எரிந்துவிட்டால் போச்சு’ என்று வீசப்படுகின்றன. ஆனால் அவை போய்விடுவதில்லை. பிளாஸ்டிக், குறிப்பாகக் குளோரின் கலந்த குழாயும் கம்பி உறையும், குறைந்த சூட்டில் எரியும்போது டயொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது காற்றோடு போய்ப் புல்லில் படிந்து, மாட்டுப் பாலிலும் மீனிலும் நம்மிடமே திரும்புகிறது. 2017 செப்டெம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த விதிகள், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்கின்றன. வளவுக்குள் எரித்தாலும் அது திறந்த வெளிதான்.

தூய விறகின் புகையும் தீங்கற்றதல்ல. காற்றிலுள்ள நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வரையறுத்தது. புகையும் ஒரு விறகுத் தீயின் அருகில் அந்த அளவு எளிதில் மீறப்படும். ஆஸ்துமா உள்ள பிள்ளையும் நெஞ்சு நோயுள்ள முதியவரும் அடுத்த வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மூட்டுவது சட்டம் சொல்லாத கடமை.

அணைத்தல்

மூட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிடங்கின் முழு ஆபத்தும் அணைப்பதில்தான் இருக்கிறது. நம்மவர் செய்யும் பொதுத் தவறு மணலை அள்ளி மூடிவிட்டுப் போவது. சிரட்டைக் கரிக் கிடங்கைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். மண்ணால் மூடிய தணல் அணைவதில்லை, பதுங்குகிறது. அடுத்த நாள் காலை அந்த மணலில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அங்கே நெருப்பு இருப்பது தெரியாது. நள்ளிரவில் கச்சான் அந்த மணலை விலக்கினால் பொறி வேலிக்குப் போகும்.

சரியான முறை எளிது. முடிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே விறகு போடுவதை நிறுத்த வேண்டும். தணலைக் கம்பால் பரப்ப வேண்டும். எட்ட நின்று சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிளறி மீண்டும் ஊற்ற வேண்டும். ‘சுர்’ என்ற சத்தம் நின்று, புறங்கையை அருகில் பிடித்தால் சூடு தெரியாமல் போகும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. ஆகவே தீக்குச்சிக்கு முன் இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. அதன் ஆவி ஊற்றுகிறவரையே முதலில் பிடிக்கும்.

யாருக்கேனும் சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூசக்கூடாது. காயம் பெரிதானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

முடிவு

மதுரையை எரித்த கண்ணகியை வைகாசியில் குளிர்வித்து அனுப்புகிற நாடு இது. செட்டிபாளையத்திலும் ஆரையம்பதியிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி அம்மன் சடங்கு குளிர்த்தியில்தான் நிறைவு பெறுகிறது. கச்சான் தொடங்கும் வெயிற்காலத்தில் ஊர் கூடி வெப்பம் தணியக் கேட்கிறது. நெருப்பை வணங்கிய நம் முன்னோர் அதைத் தணிக்காமல் வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே வளவில் நெருப்புக் கிடங்கு கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது அடி திறந்த இடமும், கிணற்றுக்கும் தென்னைக்கும் எட்டத் தள்ளிய மண்ணும், காய்ந்த விறகும், அயலாரின் சம்மதமும் உள்ளவர் அமைக்கலாம். கச்சான் மாதங்களில் அதை மூட்டாமல் விட்டுவிடுங்கள். மழை மாதங்களில் மூடி வையுங்கள். குப்பையை அதில் போடாதீர்கள். முதல் விறகை வைக்கும் முன் இரண்டு வாளி தண்ணீரை நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள், அந்தத் தண்ணீரை ஊற்றி முடித்த பிறகே படுக்கப் போங்கள்.